மாயசக்தி எங்கிருந்து வருகிறது? கற்பனை உலகம் எழுதுவோருக்கும் வாசிப்போருக்கும் ஓர் அரிச்சுவடி

கற்பனை உலகக் கதை எழுதும் பெடியன் ஒருவனிடம் அவன் உலகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வரைபடம் கீறி வைத்திருப்பான். அரச வம்சத்துக்கு நாலு தலைமுறைப் பெயர்கள் எழுதி வைத்திருப்பான். மந்திரம் எப்படி என்று கேட்டால் பதில் உடனே வரும்: "நெருப்பு மந்திரம், நீர் மந்திரம், காற்று மந்திரம், இருள் மந்திரம், நாலு வகை இருக்கு அண்ணை." சரி, அந்த நெருப்பு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால்தான் முழிப்பான். "மந்திரம்தானே, வரும்."

வாசிப்பவர்களும் இதற்குக் குறைந்தவர்கள் இல்லை. "மாயாஜாலக் கதையில் என்னவும் நடக்கலாம், அதுக்கு லொஜிக் பார்க்கக் கூடாது" என்று ஒரு கூட்டம் சொல்லும். என்னவும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் ஒன்றுதான், பிறகு ஏன் பக்கத்தைப் புரட்ட வேண்டும்? நல்ல கற்பனை உலகங்களில் மாயத்துக்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஐந்து சொற்கள் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் செய்வினை எடுப்பது, நூல் கட்டுவது பற்றியெல்லாம் நம்பலாமா கூடாதா என்ற வழக்கு இங்கே இல்லை. பேச்சு முழுக்கக் கதைக்குள் இருக்கும் மாயத்தைப் பற்றியதுதான்.

கிணற்றடியில் தொடங்குவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருந்தாலும் மாரி மழைக்குத்தான் அதில் தண்ணீர். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர். மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதற்குக் கீழே கடலோடு தொடர்புள்ள உவர்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான்.

இந்தக் கிணற்றை மாயமாக எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய நீர்தான் மூலம்: சக்தி எங்கே இருந்து வருகிறதோ அது. அதை மேலே கொண்டுவரும் துலாவோ பம்பியோ வழி: மந்திரச் சொல், கோல், சைகை, யந்திரத் தகடு எல்லாம் இந்த இனம். வந்த தண்ணீரை வெங்காயத்துக்குப் பாய்ச்சுகிறோமா, சோறு சமைக்கிறோமா என்பது வகை: சக்தி என்ன வேலை செய்கிறது என்பது. எவ்வளவு ஆழத்துக்குக் கயிறு எட்டும், கோடையில் எவ்வளவு ஊறும் என்பது எல்லை: எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதற்கு மேல் நடக்காது. கணக்கில்லாமல் இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறி வருமே, அது விலை: செய்யும் காரியத்துக்காகச் செலுத்த வேண்டியது.

மூலம், வழி, வகை, எல்லை, விலை. இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு இனி எந்தக் கதையையும் பிரித்துப் பார்க்கலாம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்

முதலில் சொன்ன பெடியனின் நாலு மந்திரங்களையும் எடுங்கள். நெருப்பு, நீர், காற்று, இருள் நான்கும் வகைகள். மூலம் பற்றி அவன் இன்னும் ஒரு வரிகூட யோசிக்கவில்லை. கற்பனைக் கதைகளைப் பற்றிக் கதைக்கும்போது அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். வகைகளை அடுக்கி வைத்துவிட்டு, மாயத்தைக் கட்டிமுடித்துவிட்டதாக நினைப்பது.

இது ஏன் பெரிய விஷயம்? ஒருத்தி விரல் நுனியில் ஒரு திரியைப் பற்றவைக்கிறாள் என்று வையுங்கள். காட்சி ஒன்றுதான். அந்தச் சக்தி அவள் இரத்தத்தில் பிறந்தது என்றால் அது ஒரு கதை. பத்து வருசம் படித்துப் பெற்றது என்றால் வேறு கதை. ஒரு தெய்வம் தந்தது என்றால் அந்தத் தெய்வம் நாளைக்குத் திருப்பி எடுக்கலாம். ஒரு மோதிரத்திலிருந்து வருகிறது என்றால் மோதிரத்தை யாரும் களவெடுக்கலாம். திரி எரிவது காட்சியை மட்டும் தீர்மானிக்கிறது. அந்த ஊரில் யார் பெரியவர், யார் யாருக்குப் பயப்படுவார், எதற்காகச் சண்டை வரும் என்பதையெல்லாம் மூலம்தான் தீர்மானிக்கிறது.

மூலங்கள் ஒவ்வொன்றாக

பிறப்பு. மந்திரசக்தி சில குடும்பங்களில் மட்டும் வருகிறது, மற்றவர்களுக்கு எவ்வளவு முயன்றாலும் வராது. எழுதுவதற்கு மிகச் சுலபமானது என்பதால் புதியவர்கள் அதிகம் கை வைப்பதும் இதில்தான். எனக்கு இதில் ஒரு முறைப்பாடு உண்டு. சக்தி பிறப்பால் வரும் என்று எழுதியவுடன் நீங்கள் ஒரு சாதி அமைப்பை எழுதிவிட்டீர்கள். யார் யாரைக் கலியாணம் கட்டலாம், யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்ற கேள்விகள் அந்த உலகத்தில் தானாக எழும். அவற்றை எதிர்கொண்டு எழுதினால் கனமான நாவல் வரும். கண்டுகொள்ளாமல், கதாநாயகன் உயர்ந்த இரத்தம் என்பதால் வென்றான் என்று முடிப்பவர்கள் தாங்கள் எதை மெச்சுகிறோம் என்று தெரியாமலே மெச்சுகிறார்கள்.

கல்வி. யாரும் படிக்கலாம், ஆனால் கஷ்டம். இப்படி ஒரு உலகம் வந்தால் அங்கே பள்ளிக்கூடம் வரும், சோதனை வரும், சோதனை வந்தால் ரியூசன் வரும். சிரிக்க வேண்டாம். மந்திரம் படிக்கக் காசு வேண்டும் என்றால் ஏழை மாணவி எங்கே படிப்பாள், ஏட்டை யார் பூட்டி வைத்திருக்கிறார், தப்பாக உச்சரித்தால் என்ன ஆகும் என்று கதை தன்பாட்டில் பெருகும்.

வரம். ஒரு பெரிய சக்தி இன்னொருவருக்குத் தன் சக்தியில் பங்கு தருகிறது. புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது தண்ணி பட்ட பாடு. வரத்தின் உயிர் அதன் வாசகத்தில் இருக்கிறது. இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவில்லை என்று கேட்டு வாங்கினான். நரசிம்மம் அந்திப்பொழுதில் வாசற்படியில் வைத்துக் கதையை முடித்தது. இரணியன் வாங்கிய வரம் முழுவதும் எல்லைகளின் பட்டியல். கேட்பவரின் மூளை எல்லைகளுக்கு நடுவே உள்ள இடுக்கைத் தேடத் தொடங்குகிறது. இராவணன் தேவர் முதலானோரால் சாவு வரக் கூடாது என்று கேட்டபோது மனிதரை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டான். அந்த அலட்சியத்துக்குள்தான் இராமாயணமே நுழைகிறது.

தவம். இது வரத்துக்குப் பக்கத்து வீடு போலத் தோன்றும், ஆனால் வேறு. வரத்தில் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். தவத்தில் சக்தி செய்பவரிடமே சேர்கிறது, பாவிக்கப் பாவிக்கச் செலவாகிறது. விசுவாமித்திரர் கதை இதற்கு ஒரு பாடநூல். சேர்த்ததைத் திரிசங்குவுக்காக ஒரு சொர்க்கம் படைத்துச் செலவழிக்கிறார். மேனகையோடு ஒரு பகுதி போகிறது. ரம்பையைக் கோபத்தில் சபித்து இன்னொரு பகுதியை இழக்கிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரு முனிவர் சபிக்கத் தயங்கினால் அது கருணையாகவும் இருக்கலாம், கையிருப்பைப் பற்றிய கவலையாகவும் இருக்கலாம் என்ற இரட்டை நிலை எழுத்தாளனுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு.

பொருள். சக்தி ஒரு கல்லிலோ வாளிலோ பாத்திரத்திலோ இருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபியை எடுங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். சிந்தாதேவி என்னும் தெய்வம் அதை மதுரையில் ஆபுத்திரனுக்குக் கொடுக்கிறது. பிறகு அவனைக் கப்பற்காரர் தவறுதலாக மணிபல்லவத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத தீவில் ஊட்டுவதற்கு யாரும் இல்லை. தன் ஒரு வயிற்றுக்காக மட்டும் அதை வைத்திருக்க மனமில்லாமல், ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்படு என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். எல்லையே இல்லாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதன் எல்லையைக் காட்டிய இடம் இது. உணவு முடிவதில்லை, ஆனால் கைநீட்ட ஆள் வேண்டும். மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. குறிகட்டுவானில் படகு ஏறும்போது அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இடம். சக்தி ஒரு நிலத்தில், ஒரு ஊற்றில் இருக்கிறது. கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி நகுலமுனிவரின் கீரிமுகம் மாறியதும், சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறியதும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள். மூலம் இடத்தில் இருந்தால் மந்திரவாதி அந்த இடத்தை விட்டுத் தூரம் போனால் வெறும் ஆள்தான். அந்த உலகத்தில் போர் எப்போதும் நிலத்துக்காக நடக்கும். இடம்பெயர்ந்து போன மந்திரவாதி வெளியூரில் எப்படி வாழ்வார் என்ற கேள்வியை நம்மூர் எழுத்தாளர்கள் எழுதினால் அதில் இருக்கும் நுணுக்கம் வேறு யாருக்கும் வராது என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பிறப்பும் கல்வியும் தவமும் ஆளோடு ஒட்டியவை, பொருளும் இடமும் ஆளுக்கு வெளியே இருப்பவை, வரம் இரண்டு பேருக்கு நடுவே இருப்பது. ஒரு உலகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்கள் இருக்கலாம். அப்படி இருந்தால் அவற்றுக்குள் போட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு எதற்கு?

வகைகளைப் பிரிப்பது எப்படி

வகைகளைப் பஞ்சபூதங்களாகப் பிரிப்பது பழக்கமான வழி, தவறும் இல்லை. அணிமா, மகிமா முதலான அட்டமாசித்திகளும் ஒருவிதமான வகைப் பட்டியலே. உடலைச் சிறிதாக்குவது, பெரிதாக்குவது, பாரமாக்குவது, இலேசாக்குவது என்று போகும். எதன்மேல் வேலை செய்கிறது என்று பார்த்தும் பிரிக்கலாம்: பொருள்மேல், உடம்புமேல், மனத்தின்மேல், காலத்தின்மேல்.

ஆனால் எனக்குப் பிடித்தது, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரிப்பது. ஸ்கொட்லாந்து மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890இல் தொடங்கிப் பல பதிப்புகளாக விரித்து எழுதிய நூலில், உலகெங்கும் உள்ள மந்திர நம்பிக்கைகளுக்குப் பின்னால் இரண்டு எண்ணங்களைக் கண்டார். ஒன்று ஒப்புமை: ஒன்றைப் போல இருப்பதற்குச் செய்தால் அதற்கே செய்தது போல. பொம்மையில் ஊசி குத்துவது இது. மற்றது தொடர்பு: ஒருமுறை ஒட்டியிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும். காலடி மண்ணும் வெட்டிய நகமும் உதிர்ந்த மயிரும் இதில் அடங்கும். ஃப்ரேசர் சமூகங்களை "முன்னேறிய", "பின்தங்கிய" என்று அடுக்கி வைத்த முறையை இன்றைய மானிடவியல் ஏற்பதில்லை. ஆனால் இந்தப் பிரிப்பு கதை எழுதுவோருக்கு இன்னும் உதவுகிறது. உங்கள் உலகம் தொடர்பில் இயங்குகிறது என்றால் அரசன் முடி வெட்டுவதே ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. சவரத் தொழிலாளி அந்த நாட்டின் மிக முக்கியமான ஆள்.

எல்லை வேறு, விலை வேறு

இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அடுத்த பெரிய தவறு. எல்லை என்றால் முடியாது. விலை என்றால் முடியும், ஆனால் கொடுக்க வேண்டும்.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை வானத்தில் பறக்கத் தெரிந்த விஞ்சையர் குலப்பெண். ஒரு முனிவருக்குரிய நாவற்பழத்தைக் காலால் சிதைத்ததற்காக அவளுக்குச் சாபம்: பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் தீராப் பசி. கூடவே பறக்கும் மந்திரமும் மறந்துபோகிறது. கவனியுங்கள், சக்தி அவளை விட்டுப் போகவில்லை, வழிதான் அடைபட்டது. சாபம் நீங்கியதும் மறுபடி பறக்கிறாள். ஆனால் விந்தமலைக்கு நேர் மேலே பறந்ததால் அந்த மலையைக் காக்கும் விந்தாகடிகை அவள் நிழலைப் பற்றி இழுத்து வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். பறக்கலாம், அந்த மலைக்கு மேலாகப் பறக்கக் கூடாது. அது எல்லை. ஏன் அந்த மலை என்று கேட்பவருக்குக் காப்பியம் காவல் தெய்வத்தைக் காட்டிவிடுகிறது.

விலைக்குக் கண்ணகி. மதுரையை எரித்த சக்தியின் மூலம் அவள் கற்பு. அதற்கு விலையாக அவள் திருகி எறிவது தன் உடம்பின் ஒரு பாகத்தை. அந்த வன்மை இல்லாமல் அந்தத் தீயை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது வரும் வீடியோ கேம்களில் விலை மிக எளிமையாகிவிட்டது. திரையில் ஒரு நீலக் கோடு, அதற்குப் பெயர் மானா, மந்திரம் போட்டால் குறையும், கொஞ்ச நேரத்தில் நிரம்பும். பசிபிக் கடலின் மெலனீசியத் தீவு மக்களின் நம்பிக்கையில் இருந்த இந்தக் கருத்தைப் பற்றி ஆங்கில மதகுரு கோட்ரிங்டன் 1891இல் வெளியிட்ட நூல் வழியாக மேற்கு நாடுகள் பரவலாக அறிந்தன. அங்கே அது மனிதரிலும் பொருளிலும் உறையும் ஒரு ஆற்றல், இரண்டு நிமிடத்தில் நிரம்பும் நீலக் கோடு இல்லை. 1974இல் வந்த, மேசையைச் சுற்றி இருந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று அளவு இருந்தது, பயன்படுத்தியது நினைவிலிருந்து அழிந்துவிடும். விளையாட்டுக்கு இவை பொருந்தும், ஏனென்றால் இரு பக்கத்துக்கும் நியாயம் வேண்டும். கதைக்குக் களைப்பு மட்டும் விலையாக இருந்தால் வாசகருக்கு உறைக்காது. ஒரு இரவு தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கறுப்பும் வெள்ளையும்

சிலர் மாயத்தை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிப்பார்கள். இது வகையும் இல்லை, மூலமும் இல்லை. பெரும்பாலும் விலையை யார் கட்டுகிறார் என்பதைத்தான் இந்த நிறங்கள் மறைத்துச் சொல்கின்றன. தன் இரத்தத்தைக் கொடுத்தால் வெள்ளை, அடுத்தவன் பிள்ளையின் இரத்தத்தைக் கொடுத்தால் கறுப்பு. இதற்கு மேல் இதில் ஆழம் கிடையாது.

எல்லா விதியையும் வாசகரிடம் சொல்ல வேண்டுமா

வேண்டாம். பேராற்றல் ஒன்று மலைக்கு அப்பால் இருக்கிறது, அதை யாரும் அறியார் என்று விட்டாலும் கதை நிற்கும். அங்கே மாயம் வியப்புக்கும் பயத்துக்கும் வேலை செய்கிறது. ஆனால் கடைசியில் சிக்கலை மாயத்தால் அவிழ்க்கப் போகிறீர்கள் என்றால் விதியை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை ஒரு விதியாகவே வைத்தார்: மந்திரத்தால் சிக்கலை நிறைவாகத் தீர்க்க எழுத்தாளருக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது, வாசகர் அந்த மந்திரத்தை எவ்வளவு விளங்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இரணியன் கதை கேட்பவருக்கு நிறைவு தருவது, வரத்தின் வாசகத்தை முதலிலேயே கேட்டுவிட்டதால்தான். வரத்தைச் சொல்லாமல், தூணிலிருந்து திடீரென்று சிங்கம் வந்து கிழித்தது என்றால் என்ன கதை அது?

ஒரு சிறு உலகத்தைக் கட்டிப் பார்ப்போம்

ஐந்து சொற்களையும் பாவித்து இப்போது ஒன்று செய்வோம். களப்பும் தீவுகளுமாக ஒரு நாடு. மூலம்: அந்தக் களப்பின் தண்ணீர். வழி: அதில் நனைத்த கயிற்றில் போடும் முடிச்சு. வகை ஒன்றே ஒன்று, கட்டுதல்: காற்றைக் கட்டலாம், வழியும் இரத்தத்தைக் கட்டலாம், ஒருவர் வாயைக் கட்டலாம். எல்லை: கயிறு காயும்வரைதான் கட்டு நிற்கும். விலை: கட்டு நிற்கும்வரை கட்டியவள் தூங்க முடியாது.

ஐந்து வரிதான். இனி உலகம் தானே பேசும். முடிச்சில் கை தேர்ந்தவர்கள் வலை பொத்தும் பெண்கள், ஆகவே சக்தி அரண்மனையில் இல்லை, கரையில் இருக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கயிறு ஈரமாகவே கிடக்கும், கட்டு நாட்கணக்கில் நிற்கும், கட்டியவர்கள் தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிவார்கள். சோளகம் வீசும் மாதங்களில் கயிறு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், மந்திரம் ஒன்றும் எடுபடாது. எதிரி எந்த மாதத்தில் படையெடுப்பான் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டு அரசன் களப்புத் தண்ணீரைச் செம்புக் குடங்களில் கொண்டுபோகக் காசு கொடுப்பான், அதற்கு வரி வரும், வரிக்குப் பயந்து இரவில் கடத்தல் வரும். பணக்காரச் சம்மாட்டி தன் தோணிக்குக் காற்றைக் கட்ட மூன்று பெண்களை முறை வைத்துக் கூலிக்கு அமர்த்துவார். அந்த மூவரில் இளையவள் பத்தொன்பது வயதுக்காரி, கடனுக்காக வந்தவள். அவள் எதிரியின் பாளையத்தை ஏன் ஒரே மந்திரத்தில் எரித்துவிடவில்லை என்று வாசகர் யாரும் கேட்க மாட்டார். அவளால் கட்டத்தான் முடியும். ஆனால் சம்மாட்டியின் வாயை அவளால் கட்ட முடியும், வாடைக்காலம் தொடங்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. முதல் அத்தியாயத்தை அங்கிருந்து எழுதலாம்.